மூன்று சென்சார் மாற்றிய வண்டி

"டீச்சர், மூணு சென்சார் மாத்திட்டேன். மூணும் பொய் சொல்லுது," என்றார் குப்புராஜ்.

"மூணும் ஒரே பொய்யா?" என்று கேட்டார் ரெஜினா.

"ஒரே பொய்தானுங்க."

"அப்ப அதைக் கொஞ்சம் நம்பிப் பார்க்கலாமே."

குப்புராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர். ஸ்கேனர் வந்ததும் அந்தக் காது வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. வெட்கத்தை விட்டு, மகள் வயதுள்ள ரெஜினாவிடம் குன்னூர் பட்டறைக்கு வந்து படிக்கிறார்.

படிப்போடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஸ்கேனர் யார் பெயரைச் சொல்கிறதோ, அவரைக் கழற்றி எறிந்துவிடுவார்.

ஸ்கேனர் சொன்ன பெயர் ஆக்ஸிஜன் சென்சார். புகைக்குழாயில் உட்கார்ந்து, போகிற புகையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று மோந்து சொல்கிற சின்னப் பொருள். உள்ளே ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. சூடேறினால்தான் அது பேசும்.

"ஹீட்டர் சூடாகுதாங்கண்ணா?"

"ஆகுது. ஒயரும் பார்த்துட்டேன்."

"என்ன சொல்லுது?"

"காத்து அதிகம், காத்து அதிகம்னு ஒரே பாட்டு. எஞ்சினும் அதை நம்பிப் பெட்ரோலை ஊத்திட்டே இருக்கு. புகை கறுப்பா வருது. இதுல காத்து எங்க அதிகம்?"

ரெஜினா எஞ்சின் காற்று இழுக்கும் வாயில், பெட்ரோல் போல எரியும் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் பீய்ச்சினார். ஸ்கேனரில் படுத்துக்கிடந்த கோடு விருட்டென்று மேலே எழுந்தது. பிறகு மெல்லத் தணிந்தது.

"சென்சார் உயிரோட இருக்கு. இதைத் தொடாதீங்க."

குப்புராஜ் தலையாட்டினார். ஆனால் வண்டியை விட்டுத் தள்ளியே நின்றார்.

"டீச்சர், இன்னொண்ணு. சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நேத்து குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு ஓட்டிப் பார்த்தேன். அஞ்சு கிலோமீட்டர் போனதும் தலை கனத்துப் போச்சு. பின் சீட்டுல யாரோ உட்கார்ந்திருந்தாங்க."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க. பின்னாடி காட்டுற கண்ணாடியையும் திருப்பி வெச்சுட்டேன்."

ரெஜினா சிரிக்கவில்லை.

ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் சாக்கை வைத்துக் காலால் அழுத்திக்கொண்டார்.

"நீங்க கண்ணாடி வழியா உள்ளே பாருங்க. கதவைத் திறக்க வேண்டாம்."

வாயை அடைத்தால் வண்டி திணறி நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. வேறு எங்கோ மூச்சு விட்டுக்கொண்டு ஓடியது.

குப்புராஜ் உள்ளே பார்த்தார். பிரேக் மிதிக்குப் பின்னால், ஒயர் நுழையும் ஓட்டையிலிருந்து புகை வந்தது. அவசரப்படாமல் வந்தது. முன் சீட்டுகளுக்கு நடுவே நகர்ந்து பின்னால் போனது. போய், பின் சீட்டில் தங்கியது.

அவர் கண்ணாடியை விட்டு ஓரடி பின்னால் வந்தார்.

"எஞ்சினும் புகைக்குழாயும் சேர்ற இடத்துல, இடுக்கை அடைக்கிற பேக்கிங் போயிருக்கு," என்றார் ரெஜினா, சாக்கை எடுத்து எஞ்சினையும் அணைத்தபடி. "அந்தச் சந்து வழியா வெளிக்காத்து உள்ளே போகுது. சென்சார் அதைத்தான் மூணு தடவை சொல்லுச்சு. அதே சந்து வழியா புகை வெளியே வருது."

"மூணு தடவையும் சொன்னதைத்தான் கழட்டியிருக்கேன்," என்றார் குப்புராஜ். வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு வண்டியின் சொந்தக்காரர் போஜன் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் காரணமே இல்லாமல் ஓட்டுகிறார் என்று ஊரில் பேச்சு. முகம் வெளுத்திருந்தது. வண்டியின் மேல் கை ஊன்றித்தான் நின்றார்.

ரெஜினா எஞ்சினை ஓடவிட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். இந்தப் புகையில் இருக்கும் ஒரு வாயுவுக்கு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லத் தெரியும் என்பதையும் சொன்னார்.

போஜன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஸ்டீயரிங் முன்னாடி எரியற அந்த எஞ்சின் விளக்கு மட்டும் அணைஞ்சா போதும்மா. அந்தச் சந்தை அடைக்க வேண்டாம்."

"ஏனுங்கய்யா?"

"மாதி வர்றா."

மாதி அவர் மனைவி. போன மார்கழியில் இறந்துபோனவர்.

"மூணாவது வளைவு தாண்டினா வந்து பின்னாடி உட்கார்ந்துக்கிறா. பேசறா. வீட்டுல வர்றதில்ல. கல்லறைக்குப் போனேன், அங்கயும் இல்ல. இந்த வண்டியில மட்டும்தான் வர்றா. நீங்க அடைச்சுட்டா நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

குப்புராஜ் ரெஜினாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், பாவமுங்க. அவர் வண்டி, அவர் இஷ்டம். கேட்டதைச் செஞ்சு குடுத்துடலாமா?"

ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்துப் போஜனை உட்காரவைத்தார். எதிரே தானும் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"மாதியம்மா என்ன பேசுவாங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. குளிருதும்பா. கண்ணாடியை ஏத்துங்கம்பா. ஏத்திடுவேன். இன்னும் கொஞ்சம் இருக்கு, முழுசா ஏத்துங்கம்பா." அவர் லேசாகச் சிரித்தார். "இப்ப சந்தே இல்லாம ஏத்திடறேன்."

"இருந்தப்பவும் அப்படித்தான் சொல்வாங்களா?"

"அட, இல்லம்மா. அவளுக்குக் கார்னாலே வாந்தி. உறைபனியில கூட கண்ணாடியை இறக்கித் தலையை வெளிய நீட்டிட்டுத்தான் வருவா. நாப்பது வருஷம் எங்களுக்குள்ள அது ஒண்ணுதான் சண்டை. ஒரு நாளாவது மூட விட்டிருப்பாளா..."

போஜன் நிறுத்தினார்.

பட்டறையில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா எழுந்து போய் அதை அணைத்தார்.

போஜன் திரும்பி வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காதவர் போலக் குப்புராஜைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் யாருக்குக் கண்ணாடியை ஏத்தினேன்?"