உளி பிடிக்கிற கை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருவுக்கு வயசு முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், நிஜம்தான். நான் அங்கே மருந்தாளுநர். மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

குரு, டாக்டர் தமயந்தி. சிஷ்யர், டாக்டர் அருளானந்தம். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் கரட்டுப்புதூருக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

"மேடம், பெரிய ஆஸ்பத்திரியில நான் பார்த்ததெல்லாம் முக்கால்வாசி முடிஞ்சுபோன கேஸ். அங்க வரைக்கும் ஒருத்தர் வராம இருக்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட கத்துக்கணும்" என்று முதல் நாளே சொன்னார். அந்த வயசில், அத்தனை படிப்புக்கு அப்புறம், இப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும். எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப் போனது.

மழைக்கு முன்னால் பெரியவர்களுக்குப் போட ஃப்ளூ தடுப்பூசி வந்தது. டாக்டரம்மா நெசவாளர் தெருவை எடுத்துக்கொண்டார். கல்தச்சர் தெரு அருளானந்தம் சாருக்கு. அம்மி, ஆட்டுக்கல், சாமி சிலை என்று நாள் முழுக்கக் கொத்துகிற தெரு அது. அங்கே ஆம்பளைகள் எல்லாருக்கும் கல்தூசி நெஞ்சுக்குள் ஏறியிருக்கும்.

சடையப்பன் அந்தத் தெருக்காரர். போன மழையில் அவர் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சடையப்பனுக்கும் அதே இருமல், அதே இளைப்பு. மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார்.

"இந்த மழையில காய்ச்சல் வந்தா இவர் தாங்க மாட்டாரும்மா" என்றார் சார் என்னிடம்.

சும்மா சொல்லக் கூடாது, மனுசன் பாடுபட்டார்.

"சடையப்பன், தடுப்பூசி போட்டுக்கறீங்களா?"

"பாக்கலாமுங்க."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாக்கலாமுங்க."

தம்பியின் பேரைச் சொல்லிப் பயமுறுத்தினார். சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அதே பதிலைச் சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

தெரு முனையில் பந்தல் போட்டு, மைக் வைத்துப் பேசிப் பார்த்தார். பந்தல் நிழலில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது. வேறு ஒரு ஈ, காக்கை இல்லை.

திரும்பி வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார். "மேடம், ஊசியும் அதேதான், ஊரும் அதேதான். உங்க தெருவுல கையை நீட்டறாங்க. என் தெருவுல மழுப்பறாங்க. ஏன்?"

டாக்டரம்மா, "வாங்க சார், ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று எழுந்தார். மாத்திரைப் பையோடு நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

சடையப்பன் வேப்பமரத்தடியில் அம்மி கொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்க சார் கொஞ்சம் கொத்திப் பாக்கட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"ஏனுங்கம்மா விளையாடறீங்க? பெரிய டாக்டரு கையில போயி..."

"குடுங்கண்ணா."

சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தினார். வலது கையில் சுத்தியல், இடது கையில் உளி. டங் டங் என்று ஆரம்பித்தார். தெருப் பிள்ளைகள் கூடிச் சிரித்தன. "உளியை இத்தனை இறுக்கிப் பிடிக்காதீங்க. அதிர்ச்சி தோளுக்கு ஏறிக்கும்" என்று சடையப்பன் பதறினார். டாக்டரம்மா போதும் என்று சொல்லவே இல்லை. சாரே மூச்சு வாங்கி நிறுத்தினார்.

"என் கேள்விக்குப் பதில் மேடம்?"

"நாளைக்குப் பேசலாம் சார்."

மறுநாள் காலையில் சாரால் காப்பி டம்ளரைத் தூக்க முடியவில்லை. பாவம், இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து உறிஞ்சினார்.

டாக்டரம்மா கேட்டார். "எந்தக் கை சார் வலிக்குது?"

"சுத்தியல் பிடிச்ச கை. இல்ல இல்ல, உளி பிடிச்ச கைதான் ஜாஸ்தி. ரெண்டும்தான் மேடம்."

"அப்ப ஊசியை எந்தக் கையில போடலாம்?"

சார் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசி போட்டால் கை ஒரு நாள், ஒன்றரை நாள் வலிக்கும் என்று எத்தனை பேருக்கு அவர் சொல்லியிருப்பார்! அன்று சாயங்காலம் யாரையும் கூப்பிடாமல், அந்த வலியோடு தனியாகக் கல்தச்சர் தெருவுக்கு நடந்தே போனார்.

"சடையப்பன், நீங்க உளியைத் தொடாத நாள் எதுங்க?"

"அமாவாசைங்க. மறுநாள் பாட்டிமைக்கும் தொட மாட்டோம்."

அமாவாசைக்கே ஊசி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, வந்து எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன்கூட அவரிடம் தோற்றுப்போவான்.

அந்த வாரமே புரட்டாசி அமாவாசை. விடிந்ததுமே ஊசிப்பெட்டியும் ஐஸும் தயார். சார் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. அவர் நகரத்தில் வளர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிறவர். அமாவாசை அன்றைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதுக்குச் சார் எழுந்து பெட்டியின் மூடியை எடுத்தார்.

"எனக்கு இது வராது மேடம். வானத்தைப் பாருங்க, மழை கட்டி நிக்குது. அந்த மனுசன் போயிடுவாரு. பார்த்துக்கிட்டே இருக்கப் போறேன்."

"மூடாதீங்க சார்."

"யாரு வரப்போறா?"

"வெளிய என்ன சத்தம் கேக்குது?"

சார் காது கொடுத்தார். கல்தச்சர் தெருப் பக்கமிருந்து வீடு வீடாக, "கா... கா..." என்று காக்கையைக் கூப்பிடுகிற சத்தம்.

"விரதம் சார். செத்தவங்களுக்குப் படைச்சு, காக்காய்க்கு வெச்சு, அப்புறம்தான் இவங்க சாப்பிடுவாங்க. வெறும் வயித்துல ஊசிக்கு வர மாட்டாங்க."

சார் மூடியைக் கீழே வைத்தார்.

முதலில் சடையப்பன் வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி. பின்னாலேயே அவர் மனைவி அங்கம்மாள், அதற்கும் பின்னால் தெருவே வந்தது. சடையப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பிக்குப் படைச்சுட்டு வர்றேனுங்க. அவனுக்குக் கறிக்குழம்புன்னா உசுரு. இன்னிக்குப் பருப்பைத்தான் வெக்க முடிஞ்சுது."

சார் ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு கேட்டார். "எந்தக் கைங்க?"

"எதுல போட்டா என்னங்க? இன்னிக்கு ரெண்டும் சும்மாதானே இருக்குது."

ஊசி இறங்கியது. அங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி பேய்ஞ்சா பேயட்டும்" என்றாள்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சார் கேட்டார். "இத்தனை நாளா வேண்டாம்னே சொன்னீங்களே, சடையப்பன்?"

"நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?" சடையப்பனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பாக்கலாம்னுதானுங்களே சொன்னேன்."

கடைசி ஆள் போகும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. ஊசிப்பெட்டி காலி. இரண்டு டாக்டர்களும் வாசலில் நின்று மழையைப் பார்த்தார்கள்.

"மேடம், உங்க தெருவுல யாருமே பாக்கலாம்னு சொல்லலையா?"

"எல்லாரும் அதைத்தான் சார் சொன்னாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்பன்னு கேட்டேன்."