கொட்டிக் கிடக்கும் இங்கிலீஷ்

சிற்றாறைச் சமஸ்தானத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என்னைச் சோதித்துப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் நான் பெரிய மேதை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை! துரைமார் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி உத்தியோகம், பட்டுத் தலைப்பாகை எல்லாம் அந்த இலுப்பைப் பூவுக்குக் கிடைத்தவைதான்.

ஒரு நாள் விட்லி துரை அரண்மனை விருந்துக்கு வந்தார். மனுஷர் புத்தகப்புழு. வெள்ளைக்காரர்களே மறந்துபோன சொற்களைத் தேடிப் பிடித்துப் பேசுவார். சமையற்காரர் சேஷய்யர் வைத்த பாயசத்தை ஒரு கிண்ணம் குடித்தார். முகம் மலர்ந்தது. காலிக் கிண்ணத்தை உயர்த்தி, ராஜாவைப் பார்த்து, "ஃபாய்சன்!" என்றார்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் ராஜா.

என் காதுக்கு ஃபாவும் பாவும் ஒன்றுதான். புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தலைப்பாகை விடவில்லை.

"பாய்சன்! விஷம் என்கிறார், மகாராஜா!"

"பாயசத்திலா? கட்டுங்கடா அந்தச் சேஷய்யனை! பொழுது சாயறதுக்குள்ளே தலை உருளணும்!"

சேஷய்யர் கயிறு கட்டிய கையில் கரண்டியோடு என் காலில் விழுந்தார். "ஓய் துபாஷி, நான் பிள்ளைகுட்டிக்காரன். இன்னொரு தரம் கேட்டுச் சொல்லுமேன்!"

துரையோ இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். விஷம் குடித்தவன் இன்னும் கொண்டா என்பானா? துரை பக்கம் குனிந்தேன். ஓட்டை இங்கிலீஷில் விசாரித்தேன். அது வழக்கொழிந்த சொல்லாம். ஏராளம் என்று பொருளாம். ஊற்றுவதைக் குறிக்கும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்ததாம். அரண்மனையில் எல்லாம் பெருகட்டும் என்று வாழ்த்தினாராம், பாவம்.

"மகாராஜா, சேஷய்யரை விட்டுவிடுங்கள்! துரை சொன்னது வாழ்த்து. அவர்கள் ஊரில் ஊற்றினால் ஏராளம். நாமும் களத்தில் நெல் கொட்டிக் கிடக்கு என்கிறோமே, அது மாதிரி!"

சேஷய்யரின் கட்டை அவிழ்த்தார்கள். அதே கயிறு என் பக்கம் வந்தது.

"அநியாயமா ஓர் உயிர் போயிருக்குமேடா!" என்று ராஜா உறுமினார். "இங்கிலீஷ் கொட்டிக் கிடக்குன்னு சொல்லித்தானே வேலைக்கு வந்தே? பொய் சொன்ன நாக்கை அறுக்கட்டுமா?"

"பொய்யே இல்லை, மகாராஜா. கொட்டித்தான் கிடக்கு. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "பிழைச்சுப் போ! சேஷய்யா, இவனுக்கும் ஒரு கிண்ணம் ஃபாய்சன் ஊத்து!" என்றார்.

சேஷய்யர் கரண்டியை எடுத்தார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் கேட்டார்:

"எதை ஊத்தட்டும், மகாராஜா? துரை சொன்னதையா, இவர் சொன்னதையா?"