கரண்டி எங்கே?

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு செமினார். மூளை, ரோபோ, மனிதனைப் போன்ற அறிவு, இந்த மூன்றையும் ஒரே மேசையில் போட்டு உருட்டுவோம். உண்ட மயக்கத்தில் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். செண்பகவல்லி மேடம் கண்டுகொள்ள மாட்டார். தூங்குகிற மூளையும் மூளைதானே என்பார்.

நாச்சிமுத்து சார் மட்டும் தூங்கவே மாட்டார். மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். மேடத்தைவிட வயதில் மூத்த மாணவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

அன்றைக்கு அவர் முறை. எங்கள் ஆய்வகத்து ரோபோவுக்கு சிங்காரம் என்று பேர். அதை மேசைக்கு எதிரே நிறுத்தி, படம் போட்ட அட்டைகளைப் பரப்பினார். கரண்டி, சீப்பு, பூட்டு, டம்ளர்.

“கரண்டி எங்கே?”

சிங்காரம் கையை நீட்டிக் கரண்டியைத் தொட்டது. அட்டைகளைக் கலைத்துப் போட்டார். மறுபடியும் தொட்டது. எப்படிக் கலைத்தாலும், எத்தனை தரம் கேட்டாலும் அலுங்காமல் குலுங்காமல் கரண்டியைத் தொட்டது. கை தட்டினோம்.

எங்கள் செமினாரில் ஒரு வழக்கம் உண்டு. ரோபோவுக்கு எந்தத் தேர்வு வைத்தாலும், வைக்கிறவர் முதலில் தானே உட்கார்ந்து அதை எழுதிவிட வேண்டும். அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. முனைவர் பட்டம் படிக்கிறவருக்குக் கரண்டி தெரியாதா என்று விட்டுவிட்டோம்.

கைதட்டல் ஓய்ந்தது. நாச்சிமுத்து சார் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒண்ணு கேக்கணுங்க மேடம். செமினார் கேள்வி இல்லைங்க. வீட்டுக் கேள்வி.”

“கேளுங்க சார்.”

“என் சம்சாரத்தைப் பத்தித் தெரியுமில்லைங்க.”

எல்லோருக்கும் தெரியும். துளசிமணி அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கையும் விழுந்துவிட்டது. இடது கை அசையும்.

“இதே அட்டைகளைத்தான் தினமும் காலையில அவளுக்கும் காட்டறேனுங்க. முதல்ல எல்லாம் சரியாத்தான் தொட்டா. அப்புறம் குறைஞ்சுது. இப்ப கையை நீட்டறதே இல்லை. மூஞ்சியைத் திருப்பிக்கறா. சிங்காரத்துக்குப் புரியறதுகூட அவளுக்குப் புரியலைங்க.”

அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

“நாளைக்குப் பையன் வர்றான். பராமரிப்பு இல்லத்துல சேர்த்திடலாம்ங்கறான். ஆளே அடையாளம் தெரியாதவங்க எங்க இருந்தா என்னப்பான்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நியாயந்தானுங்க. அவ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படி நுழையறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா அவளுக்கே என்னைத் தெரியலைன்னா, நான் பிடிச்சு வெச்சுக்கறது என் சுயநலம்தானுங்களே. அவளுக்கு என்னைத் தெரியுதா, தெரியலையா? அது மட்டும் சொல்லுங்க மேடம்.”

மூளையைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிற கூட்டம், ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மேடம் எழுந்தார். சிங்காரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க சார். நம்ம வழக்கம் பாக்கி இருக்கு.”

உட்கார்ந்தார். இரண்டு பேர் முன்னாலும் அட்டைகளைப் பரப்பினார் மேடம். என்னை போர்டில் மதிப்பெண் போடச் சொன்னார்.

“பேசக் கூடாது சார். இடது கை மட்டும்.”

தலையாட்டினார்.

“கரண்டி எங்கே?”

சிங்காரம் தொட்டது. சாரும் தொட்டார்.

“கரண்டி எங்கே?”

இருவரும் தொட்டார்கள். இப்படியே போயிற்று. போகப் போக மேடத்தின் குரல் குழந்தையோடு பேசுகிற குரலாக மாறியது.

“கரண்டி எங்கே? காட்டுங்க பார்க்கலாம். அட, சமத்து!”

சிரித்தோம். அவரும் சிரித்தார். மேடம் நிறுத்தவில்லை. அதே கேள்வி, அதே சமத்து. எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. சார் விரலை மடக்கிக்கொண்டார்.

“இங்க பாருங்க சார். கரண்டி. க-ர-ண்-டி. எங்கே இருக்கு?”

அவர் கையைப் பிடித்து அட்டைப் பக்கம் இழுத்தார் மேடம். சார் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். சிங்காரம் கரண்டியைத் தொட்டது.

“சிங்காரம் சரி. சார் தவறு. போடு.”

எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் போட்டேன்.

மேடம் அவரைத் தாண்டி எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“பாவம், இவருக்கு ஒண்ணும் புரியலை. எங்கயாவது சேர்த்திடலாமா? இவருக்குத்தான் எங்க இருந்தாலும் ஒண்ணுதானே.”

“எனக்குக் கரண்டி தெரியாதுங்களா?”

பேசக் கூடாது என்பதையே மறந்துவிட்டார் நாச்சிமுத்து சார்.

“தெரிஞ்சா ஏன் சார் காட்டலை?”

“எத்தனை வாட்டிங்க காட்டறது? காட்டினதையே காட்டு காட்டுன்னா மனுசனுக்குக் கோவம் வராதுங்களா? என்னை வெச்சுக்கிட்டே என்னைப் பத்தி...”

பாதியில் நின்றுவிட்டார். இடது கை இன்னும் மடக்கியபடியே இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மேடம் அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார்.”

“அப்ப அவளுக்கு எல்லாம் புரியுதுங்களா மேடம்? கோவத்துலதான் மூஞ்சியைத் திருப்பறாளா?”

“எனக்குத் தெரியாது சார். நிஜமாவே தெரியாது.”

“அப்ப நாளைக்குப் பையனுக்கு நான் என்னத்தைச் சொல்லட்டும்?”

“இல்லத்துல சேர்க்கலாமான்னு பையன் யாரைக் கேட்டான்?”

“என்னைத்தாங்க.”

“நீங்க யாரைக் கேட்டீங்க?”

“உங்களை.”

மேடம் மெதுவாகக் கேட்டார்.

“கரண்டி எங்கேன்னு அவங்களைத் தினமும் கேட்டீங்களே சார். வீட்டை விட்டுப் போறியான்னு ஒரு வாட்டியாவது கேட்டீங்களா?”