வளைக்குள் இருந்த கூரன்

பாறைக்குளத்துக் கரையில் ஒரு வளை. அதில் ஒரு தாய் முள்ளம்பன்றியும் அதன் மகன் கூரனும் வசித்தார்கள். ஒரு நாள் மற்ற விலங்குகளோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது கூரன் வழுக்கிச் சேற்றில் உருண்டான். எழுந்தபோது முள்ளிலெல்லாம் சருகு குத்தியிருந்தது.

"குப்பைமேடு நடந்து வருது பாருங்க!" என்றாள் செவ்வி என்னும் முயல். எல்லா விலங்குகளும் விழுந்து விழுந்து சிரித்தன.

மறுநாள் கூரன் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். அதற்கடுத்த நாளும் எழுந்து வரவில்லை. அப்படியே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வளையின் கடைசி அறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே கிடந்தான். தாய் கிழங்கைக் கொண்டுபோய் அறை வாசலில் வைப்பாள். அவள் நகர்ந்த பிறகுதான் அதை உள்ளே இழுத்துக்கொள்வான்.

"பையன் எங்கே?" என்று யாராவது கேட்டால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். "மாமன் இருக்கிற மலைக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பொய்தான் வினையானது. வங்கன் என்ற நரி ஒரு நாள், தாய் வெளியே போயிருந்தபோது, வளைக்குள் யாரோ மண்ணைப் பிறாண்டும் சத்தத்தைக் கேட்டுவிட்டான்.

"மலைக்குப் போனவன் உள்ளே எப்படி இருக்கிறான்? ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது. காட்டில் கிழங்கு குறைவதைக் கவனித்தீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

"கிழங்கா? ஒட்டிக்கொள்கிற நோயாக இருக்கும்" என்றது மான். அன்று முதல் தாய் முள்ளம்பன்றி தண்ணீர் குடித்த துறையில் யாரும் வாய் வைக்கவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. குளம் நிரம்பி, தண்ணீர் வளைப்பக்கம் ஏறியது.

"இப்போது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? என்ன எடுத்துக்கொண்டு வருகிறான் என்று பார்ப்போம்" என்றான் வங்கன். எல்லோரும் வாசலைச் சுற்றி நின்றார்கள்.

உள்ளே தாய் கெஞ்சினாள். "தண்ணி வருது கண்ணு. வெளியே வா."

கூரனுக்கு வாசலில் நரியின் குரலும் அத்தனை காலடிச் சத்தமும் கேட்டன. "நரி சொல்லித்தான் கூப்பிடுறியாம்மா? எல்லாரும் சிரிக்கக் காத்திருக்காங்க. தண்ணியெல்லாம் பொய்" என்றான்.

அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். செவ்வியின் காதுகள் தொங்கிப்போயின.

"நான் போகிறேன், அத்தை" என்று சொல்லி வளைக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரே இருட்டு. புதரில் வாழும் முயலுக்கு இருட்டு வளை என்றாலே நடுக்கம்.

"யார் அனுப்பினாங்க உன்னை?" என்றான் கூரன். முட்கள் சிலிர்த்து நின்றன.

"யாரும் அனுப்பலை. அன்னிக்கு முதல்ல சிரிச்சது நான்தான். அது தப்பு."

"அதைச் சொல்லி வெளியே இழுக்கப் பார்க்கிற."

"இழுக்க வரலை. நீ வர்ற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கேன்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் அறைக்குள் வந்தது. முதலில் செவ்வியின் பாதம் நனைந்தது, பிறகு வயிறு. அவள் எழவில்லை. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கம் கூரனின் முட்களில் தெரிந்தது. ஏமாற்ற வந்தவள் இப்படி உட்கார்ந்திருப்பாளா?

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அப்போ என் பின்னாலேயே வா."

கூரன் மண்ணை இடித்து வழியை அகலமாக்கிக்கொண்டே முன்னால் போனான். வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பின்னால் தண்ணீரில் மிதந்து வந்தவை காய்ந்துபோன கிழங்குத் தோல்கள் மட்டும்தான். வங்கன் அவற்றைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

அன்றே தாய் மேட்டில் ஒரு புது வளை தோண்டினாள். கூரன் அதற்குள் போய்விட்டான். மறுநாள் வாசல்வரை வந்தான். செவ்வி அங்கே புல் மென்றுகொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஒதுங்கிப்போன ஒருவரை ஊரே வாசலில் நின்று சந்தேகப்பட்டால் அவர் இன்னும் உள்ளே போவார். ஒருவராவது உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் வெளியே வருவார்.