சேவல் இல்லாத கோட்டை

கேட்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுங்கள்.

நம் முப்பாட்டன்மாருக்கும் முப்பாட்டன் பிறப்பதற்கு முன்னால், செம்மண் மேட்டின் மேல் ஒரு கோட்டை இருந்தது. அதில் ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் அவருக்கு ஒரு கவலை.

அவருக்குப் பிறந்த பெண்குழந்தை தூங்கவே இல்லை. தாலாட்டிப் பார்த்தார்கள், தூங்கவில்லை. தூளியை மாற்றிப் பார்த்தார்கள், தூங்கவில்லை. கோவிலுக்கு வேண்டிக்கொண்டார்கள், தூங்கவில்லை. விடிய நாலு நாழிகை இருக்கும்போது எப்படியோ கண்ணை மூடும். அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு சேவல் கூவும். அதற்குப் பதில்போல இன்னொன்று கூவும். குழந்தை வீறிட்டு அழும்.

ராஜா சட்டம் போட்டார். கோட்டைக்குள் சேவல் இருக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு மூன்று கோழிக்கு மேல் ஆகாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சேவகர் வந்து எண்ணுவார். கூடை, குதிர், பானை எதையும் தூக்கிப் பார்ப்பார். கூடுதலாக இருந்தால் அத்தனையும் அரண்மனை மடைப்பள்ளிக்குப் போகும். அந்த வீட்டில் அப்புறம் கோழியே வளர்க்கக் கூடாது.

சேவல்கள் வெளியே போயின. குழந்தை தூங்கியது. ஊரும் சந்தோஷப்பட்டது. பெற்றவர் மனசு யாருக்குத்தான் புரியாது?

மூன்று வருஷம் போனது.

அந்தக் கோட்டையில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. மூன்று தடவை கருத்தரித்து ஒன்றும் தங்கவில்லை. அவளிடம் மூன்று கோழிகள் இருந்தன. ஒன்று வெள்ளைக் கோழி, ஒன்று கழுத்தில் இறகில்லாதது, ஒன்று புள்ளிக்கோழி. புள்ளிக்கோழியை அவள் மயிலி என்று கூப்பிடுவாள்.

மயிலி அடைக்கு உட்கார்ந்தது. இருபத்தொரு நாள் ஆயிற்று, குஞ்சு வரவில்லை. முட்டையெல்லாம் கூமுட்டை. இரண்டாம் தடவையும் உட்கார்ந்தது, கூமுட்டை. மூன்றாம் தடவையும் அதேதான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெறும் கூடையில், உமியின் மேல் உட்கார்ந்தே இருந்தது. தீனி எடுக்கவில்லை. நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"அக்கா, உன் கோழிக்குப் புத்தி மழுங்கிப்போச்சு" என்றாள் பக்கத்து வீட்டு ராக்கு. அவளிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக்கோழி. அதுவும் அடைக்கு உட்கார்ந்து ஏமாந்த கோழிதான். "தண்ணியில முக்கி எடு. இல்லாட்டி மூக்குல ஒரு இறகைக் குத்திவிடு. அடை தெளிஞ்சிடும்."

ஊரே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. குஞ்சு பொரிக்காத கோழியை வைதார்கள், தண்ணீரில் முக்கினார்கள், மூக்கில் இறகு குத்தினார்கள். சிலம்பாயிக்குக் கை வரவில்லை. அது செத்துவிடுமோ, செத்துவிடுமோ என்று கூடையையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒருநாள் விறகு பொறுக்கக் கோட்டைக்கு வெளியே போனாள். அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடை ஓரத்தில் ஒரு சேவல் இறக்கையைத் தட்டிக் கூவியது. தலையில் விறகோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அட பாவமே!" என்றாள். "சேவலை விரட்டினது நாம. வைதது கோழியையா?"

இது என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். மூன்று வருஷம் ஒரு ஊரே மறந்திருந்தது. பக்கத்தில் இல்லாதது மனசிலும் இல்லாமல் போய்விடுகிறது.

கிடைக்காரி பேச்சியம்மாளிடம் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துப் பதினாலு முட்டை வாங்கினாள். ஏழு மயிலிக்கு, ஏழு ராக்குவின் கறுப்புக்கோழிக்கு. கூடையில் வைக்கோல் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமல் இருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, அடை வைத்தாள். மயிலி ஒவ்வொரு முட்டையையும் அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கே இறங்கிவந்து கொஞ்சம் கம்பு தின்றது.

ஏழாம் நாள் கதவிடுக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடியது. அப்போதுதான் விரல்விட்டு எண்ணினாள். இருபத்தொன்றாம் நாள் பௌர்ணமி!

அந்த நாளும் வந்தது. காலையிலேயே மயிலியின் வயிற்றுக்கடியில் கீச் கீச்சென்று சத்தம். மூன்று முட்டையில் குஞ்சு மூக்கால் குத்தி ஓட்டை உடைத்திருந்தது.

ராக்கு ஓடிவந்தாள். "அக்கா, சேவகர் தெருமுனைக்கு வந்துட்டார்! நான் கோழியைக் கிளப்பி வாசல்ல விட்டுட்டேன். முட்டைக் கூடையை விறகுக்குள்ள செருகிட்டேன். நீயும் ஒளிச்சிடு."

"இப்பக் கிளப்பினா ஈரக்குஞ்சு விறைச்சுச் செத்துப்போகுமேடி."

"கண்டுபிடிச்சா மடைப்பள்ளிதான். தெரியுமில்ல?"

"தெரியும். வேர்த்து வேர்த்துக் கொட்டுது, பாரு. ஆனா அதைக் கிளப்ப என்னால முடியலையே."

சேவகர் மாடப்பர் வந்தார். வயசானவர், முழங்கால் வலிக்காரர். நடையில் ஒரு கோழி, முற்றத்தில் ஒரு கோழி, கூடையில் ஒரு கோழி.

"மூணுதானே தாயி?" என்று கேட்டார். சிலம்பாயி கூடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மூணுதானே? சொல்லிடு, கூடையை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துட்டுப் போறேன்." அவள் தரையைப் பார்த்தாள்.

"என்னம்மா, மூணுதானே?" என்று அவர் கூடையில் கை வைத்தார்.

"தூக்காதீங்க அண்ணே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு இல்லை. அடியில இன்னும் இருக்கு, இப்பத்தான் உலகத்துக்கு வருது. நான் சட்டத்தை மீறினவதான். நாளைக்குக் காலையில நானே தூக்கிட்டு ராஜா முன்னால வர்றேன். இன்னிக்கு மட்டும் அதைக் கிளப்பாதீங்க."

மாடப்பர் குனிந்து கூடையருகே காதை வைத்தார். உள்ளே ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. இப்படிக் கேட்டு அவருக்கும் மூன்று வருஷம் ஆயிற்று.

"பொய் சொல்லியிருந்தா தூக்கியிருப்பேன்" என்றார். "நாளைக்கு வா தாயி. வராம இருந்திடாதே, என் வேலையும் போயிடும்."

அதற்குள் ஈரம் உலர்ந்த ஒரு குஞ்சு இறகிடுக்கில் தலையை நீட்டியது. போக எழுந்தவர் அதைப் பார்க்க மறுபடி உட்கார்ந்தார். உச்சிப்பொழுது வரை எழுந்திருக்கவில்லை. அவர் இருக்கிற வரைக்கும் ராக்குவால் விறகுக்குள் செருகிய கூடையை எடுக்க முடியவில்லை. அவர் போனபிறகு எடுத்தாள். ஏழு முட்டையும் சில்லிட்டுக் கிடந்தன. எத்தனை நாள் உட்கார்ந்தும் கறுப்புக்கோழிக்கு ஒன்றும் பொரிக்கவில்லை.

மயிலிக்கு ஆறு குஞ்சுகள் வந்தன. ஒரு முட்டை மட்டும் கெட்டது.

மறுநாள் காலை சிலம்பாயி கூடையோடு அரண்மனைக்குப் போனாள். ராஜாவின் மடியில் அந்த மூன்று வயதுக் குழந்தை இருந்தது. கூடையைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தது.

"அப்பா, இது என்ன?"

ராஜா மகளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். தன் மகள் கோழிக்குஞ்சையே பார்த்ததில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மந்திரி தொண்டையைச் செருமினார். "பிரபு, இவள் வீட்டில் இப்போது ஒன்பது உருப்படி. சட்டம் மூன்று."

"மூன்றை நீ வைத்துக்கொள் அம்மா. மற்றது கோட்டைக்கு வெளியே போகட்டும். மடைப்பள்ளிக்கு வேண்டாம்" என்று சொல்லி, ராஜா தானே குனிந்து ஒரு குஞ்சை எடுக்கப் போனார். மயிலி சிலிர்த்துக்கொண்டு அவர் கையில் ஒரு கொத்துக் கொத்தியது. விரலில் ரத்தம் துளிர்த்தது.

ராஜா விரலை உதறிக்கொண்டு சிரித்தார். "இந்தக் கோட்டையில் என்னைக் கண்டு பயப்படாதவள் இவள் ஒருத்திதான்!"

"மன்னிக்கணும் ராஜா" என்றாள் சிலம்பாயி. "தாய் இறக்கைக்கு வெளியில இதுக ஒரு ராத்திரி தாங்காது. கூடுதலா வேணும்னு நான் கேட்கலை. கொஞ்ச நாள் தவணைதான் கேட்கிறேன்."

"எத்தனை நாள்?"

"அதை நான் சொல்ல முடியாது. இவதான் சொல்லணும். குஞ்சு தானா இரை பொறுக்கத் தெரிஞ்சதும் தாயே கொத்தி விரட்டும். அன்னிக்கு நான் வெளியில கொண்டுபோய் விட்டுடறேன். கூவத் தெரியறதுக்கு முந்தியே சேவல் போயிடும்."

"இவள் பேச்சை எப்படி நம்புவது?" என்றார் மந்திரி.

மாடப்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "பொய் சொல்ல மூணு தடவை வழி விட்டேன் பிரபு. இந்தத் தாயி சொல்லலை."

ராஜா சட்டத்தைத் திருத்தினார். வெளியிலிருந்து முட்டை வாங்கி அடை வைக்கலாம். தாயின் இறக்கைக்குள் இருக்கும்வரை குஞ்சு எண்ணிக்கையில் சேராது. தாய் கொத்தி விரட்டும் நாளில் கூடுதலானது வெளியேற வேண்டும். சேவல் இல்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது. குழந்தைகள் தூங்க வேண்டுமே!

இரண்டரை மாதம் போனது. ஒருநாள் காலை, கம்பைக் கொத்த வந்த குஞ்சை மயிலி கொத்தித் தள்ளியது. அது மறுபடி வந்தது. மறுபடியும் கொத்தியது. சிலம்பாயி பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் ஒருநாள் பார்க்கலாமே என்று நினைத்தாள். மூன்றாம் தடவையும் கொத்தியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள்.

இரண்டு பெட்டைகளை ராக்குவிடம் கொடுத்தாள். "எனக்கா? என் பயத்தாலதானே அதுக எல்லாம் செத்துச்சு" என்றாள் ராக்கு.

"நானும் பயந்தேன்டி. பிடி, கையைக் கொத்தாது."

மீதி நான்கையும் கூடையில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தாள். இரண்டுக்குக் கொண்டை சிவந்திருந்தது. வாசலில் மாடப்பர் நின்றிருந்தார்.

"இன்னும் பத்து நாள் வெச்சிருக்கக் கூடாதா தாயி? உன் வீட்டுக்கு நான் எண்ண வர்றதை விட்டு ரெண்டு பௌர்ணமி ஆச்சே" என்றார்.

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும் அண்ணே. அதான் நானே கொண்டுவந்தேன்."

மாடப்பர் வாசற்கதவைத் திறந்துவிட்டார். அவள் கிடையை நோக்கி நடந்தாள். கூடைக்குள் நான்கும் கீச்சிட்டுக்கொண்டே போயின.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஓர் உயிரைக் காக்க நினைப்பவர் அதை ஒளித்துவைக்காமல் உண்மையைச் சொல்லித் தவணை கேட்க வேண்டும், கேட்ட தவணை முடிந்த அன்றே சொன்ன சொல்லையும் காக்க வேண்டும்.