பெரியம்மை தோற்று வாங்கிய பேர்

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மரமும் பேசும், நோய்கூட வாசலில் நின்று வம்பளக்கும். அப்படித் தலைக்கனம் பிடித்த நோய் ஒன்று இருந்தது. தூசியைவிடச் சிறியது. ஆனால் வாயைத் திறந்தால், "நான் பெரியவனாக்கும்!" என்றுதான் சொல்லும். அதற்குப் பேர் கிடையாது. அது வருகிறது என்றாலே சனங்கள் காய்ச்சலில் கிடப்பவர்களைப் போட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி ஓடிவிடுவார்கள். பிறகு பேர் வைக்க யார் இருக்கிறார்கள்? தண்ணீர் தர ஆளில்லாமல் செத்தவர்களையும் அந்த வெட்கங்கெட்ட நோய் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆவுடை என்ற பால்காரியின் மகள் வடிவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. ஊரே மூட்டை கட்டியது.

"ஏ ஆவுடை, வாட்டி! ஒனக்கு உசிரு இருந்தா இன்னொரு பிள்ளை பெத்துக்கிடலாம்," என்று அவள் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீ போண்ணே. எம்பிள்ளையை விட்டுட்டு நான் எங்கயும் வரலை."

ஆவுடை பாயில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நோய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேலேயே பாய்ந்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடியும் விழுந்தது.

தொழுவத்திலிருந்து பசு சிரித்தது. "என் மடியில சின்னக் கொப்புளம் வந்தப்போ இவதான் பால் கறந்தா. அது இவ கையிலயும் வந்து ஆறிப்போச்சு. இனி இவகிட்ட ஒன் பருப்பு வேகாது!"

"அப்போ நீயா நானா பாத்துருவோம்," என்றாள் ஆவுடை. வேப்பிலையைப் பரப்பி மகளைப் படுக்க வைத்தாள். இளநீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். அரிக்கும் இடத்தை வேப்பங்கொத்தால் வருடினாள். எழுந்து போகவே இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது சண்டை போட்டு அந்த நோய்க்குப் பழக்கமில்லை. அது களைத்துப்போனது.

ஒரு காலையில் வடிவு கண்ணைத் திறந்தாள். "அம்மை, கஞ்சி தா."

அந்தச் சீமையில் தாயை அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள்.

நோய் கீழே இறங்கி ஆவுடையின் காலில் விழுந்தது. "தோத்துட்டேன். என்ன தண்டனைன்னு சொல்லு."

"எம்பிள்ளை என்னைக் கூப்பிட்ட பேரை நீ சொமந்துக்கிட்டுத் திரி. ஒன் பேரைக் கேட்டாலே, ஓடக்கூடாது, பக்கத்துல உக்காரணும்னு சனங்களுக்கு நெனப்பு வரணும்."

"முன்னாடி 'பெரிய'ன்னு மட்டும் ஒண்ணு போட்டுக்கிடட்டுமா?" என்று அது கெஞ்சியது.

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டுக்கோ, போ!"

அன்று முதல்தான் அதற்குப் பெரியம்மை என்று பேர். பிறகு பசுவின் அந்தச் சின்ன நோயையே மனிதர்கள் ஊசிமுனையில் எடுத்து ஊர் ஊராகக் குத்தினார்கள். பெரியவன் பூண்டோடு ஒழிந்தான். அம்மை என்ற அந்தப் பேருக்குச் சொந்தக்காரிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.