கொறிச்சான் அடைத்த வாசல்

காட்டோரக் குளத்தங்கரையில், மருத மரத்து வேருக்கடியில் எலிக்கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்கு ஒரு முன்வாசல். ஆபத்து வந்தால் தப்பி ஓட, இடது பக்கம் இன்னொரு வாசல். சாரைப்பாம்பு தலையை நீட்டினால் போதும், எல்லோரும் இடது பக்கம் பாய்வார்கள். யாரும் யோசித்து ஓடியதில்லை. கால் தானாக ஓடும்.

அந்த வாசலில் ஒரு குறை இருந்தது. அது குளத்தைப் பார்த்துத் திறந்ததால், மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வளை தோண்டுவதில் கெட்டிக்காரனான கொறிச்சான் பத்து நாள் பாடுபட்டு, வலது பக்கம் புது வாசல் வெட்டினான். அகலமான வழி, நேரான வழி, மேட்டில் போய்த் திறக்கும். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை. எல்லோரும் ஒரு தடவை போய்வந்து மெச்சினார்கள்.

மெச்சல் தலைக்கேறியது. கொறிச்சான் அன்றே பழைய வாசலில் மண்ணைத் திணித்து அடைக்க ஆரம்பித்தான். நாலு குட்டிகளின் தாயான செம்மி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, புது வாசல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை இப்பவே அடைக்கணுமா? மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே."

"திறந்து வெச்சா எல்லாரும் இதுலயேதான் போவீங்க. அப்புறம் புதுசை எப்பப் பழகுறது?"

"என் கடைக்குட்டி குன்றி இந்த வழியா ஓடித்தான் ஓட்டமே படிச்சா. பயந்தா இங்கதான் வருவா."

"வலது பக்கம்னு சொல்லிக் கொடு. இதுல என்ன கஷ்டம்? நாலு நாள்ல சரியாயிடும்."

செம்மி சொல்லிக் கொடுத்தாள். கேட்டபோதெல்லாம் குன்றியும், "வலது பக்கம், அம்மா" என்று தப்பில்லாமல் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாரை வந்தது. முன்வாசலில் அது சீறியதும் வளை முழுக்க ஒரே அமளி. அந்த நேரத்தில் வலது ஏது, இடது ஏது? பாதிப் பேர் இடது பக்கம் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடி, அடைத்த மண்ணில் முட்டியது யார் தெரியுமா? கொறிச்சான்தான். புது வாசலை வெட்டியவனுடைய காலே பழைய பக்கம் ஓடியது.

பிறாண்டிப் பார்த்தான். அவன் திணித்த மண் கொஞ்சமும் பெயரவில்லை.

"திரும்புங்க! வலது பக்கம்!" என்று கத்தினான்.

திரும்பி, விழுந்தடித்து ஓடினார்கள். எல்லோருக்கும் பின்னால் ஓடியவள் குன்றி. சின்னக் கால்கள். அவள் வெளியே வரவில்லை.

பாம்பு போன பிறகு, செம்மி அந்த அடைத்த மண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அதில் ஒரு குட்டியின் நகக்கீறல் இருந்தது. கொறிச்சானால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லாத்தானே கட்டினேன், செம்மி" என்று அழுதான்.

"நல்லாத்தான் கட்டினீங்க, அண்ணே. நான் இல்லேங்கலை. எம்புள்ளை காலுக்கு அது தெரியலையே."

அன்றே அவன் பழைய வாசலைத் தோண்டித் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், முன்வாசலில் நின்று பாம்பு மாதிரி சீறுவான். எல்லோரும் அலறி ஓடுவார்கள். இடது பக்கம் போனவர்களை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மறுபடி சீறுவான். மற்றவர்களைச் சீறச் சொல்லித் தானும் ஓடிப் பழகினான்.

ஐப்பசி பிறந்தபோது, சீறல் கேட்டு ஒருவர்கூட இடது பக்கம் திரும்பவில்லை. முதல் தூறல் விழுந்த அன்று கொறிச்சான் செம்மியிடம் வந்தான்.

"இப்ப அடைக்கலாமா?"

செம்மி அந்த வாசலுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு முதல் பிடி மண்ணை அவளே அள்ளி வைத்தாள்.

புது வழி எவ்வளவு நல்லதானாலும், கால்கள் அதைப் பழகும்வரை பழைய வழியை அடைக்கக் கூடாது.